நானாவின் எட்டுகள்

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் கீழே நான்கு டபள் கெப்கள் நிற்கின்றன. நான்கும் மலை ஏறவும், சேற்றில் இறங்கவும், ஒரு தொன் பாரம் சுமக்கவும் செய்யப்பட்ட வண்டிகள். காலையில் அவை பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகின்றன. மாலையில் ஒரு கட்டுக் கீரையும் இரண்டு தேங்காயும் கொண்டுவருகின்றன. பிறகு அவற்றின் சொந்தக்காரர்கள் லிப்டுக்குள் என்னை மறித்து, "அங்கிள், வண்டி சரியாத் தூக்கிப் போடுது, என்ன செய்யலாம்?" என்று கேட்கிறார்கள்.

தூக்கித்தான் போடும். ஒரு தொன்னைத் தாங்கச் செய்த ஸ்ப்ரிங்கின் மேல் ஒரு கட்டுக் கீரையை வைத்தால் அது ஏன் வளையப்போகிறது? இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை. ஏதாவது வாங்கிப் பூட்டச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

போன மாதம் மூன்றாம் மாடி வங்கி அதிகாரி ஒருவர் தன் கைப்பேசியைக் கொண்டுவந்து காட்டினார். அதில் ஏதோ ஒரு செயலி. கைப்பேசியைச் சீட்டில் வைத்துவிட்டு வண்டியை ஓட்டினால், வண்டி குலுங்குவதை அது கோடு கோடாகக் கீறிக் காட்டுமாம், கடைசியில் ஒரு எண்ணும் தருமாம். அவர் வெளிநாட்டு ஷொக் அப்சோபர் நான்கு வாங்கிப் பூட்டியிருந்தார். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தியும் இருந்தார். செயலியின் எண் கொஞ்சம் குறைந்ததாம், முதுகு நோ மட்டும் குறையவில்லையாம்.

"டயருக்கு எவ்வளவு காற்று?" என்று கேட்டேன்.

"அது டயர் கடைக்காரன் பாப்பான், அங்கிள்."

கீழே போய்ப் பார்த்தேன். நான்கிலும் ஐம்பதுக்கு மேல். கல்லுக்கும் அந்த டயருக்கும் வித்தியாசம் இல்லை. கதவில் ஒட்டியிருந்த அட்டையில் வெறும் வண்டிக்கு எவ்வளவு என்று கம்பனிக்காரன் எழுதியே வைத்திருக்கிறான். அதை ஒருவரும் வாசிப்பதில்லை. அந்த அளவுக்குக் காற்றை இறக்கிவிட்டேன். ஹவ்லொக் வீதியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தவர், "மெஜிக் அங்கிள்!" என்றார். காற்றை இறக்குவது மெஜிக் என்றால் நான் முப்பத்தாறு வருடம் மந்திரவாதியாகத்தான் இருந்திருக்கிறேன். இதையெல்லாம் எழுதி வையுங்கள் என்று அவர்தான் சொன்னார். வந்த எரிச்சலில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

தொழில் பழகிய கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பத்தொன்பது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கொட்டாஞ்சேனைக்கு மாமா வீட்டுக்கு வந்தேன். கிராண்ட்பாஸில் மொஹிதீன் நானாவின் கராஜில் சேர்ந்தேன். மூன்று வருடம் கிறீஸ் கழுவினேன், இரண்டு வருடம் திட்டு வாங்கினேன், பிறகு வேலை தெரிந்தது. அந்தக் கராஜில் இயந்திரத்தை யாரும் தொடமாட்டோம். வண்டியின் கீழ்ப்பக்கம் மட்டும்தான் எங்கள் வேலை. ஸ்ப்ரிங், ஷொக், புஷ், சக்கரம், அவ்வளவுதான்.

நானா பருத்த மனிதர். கராஜுக்கு வெள்ளைச் சேர்ட் போட்டுத்தான் வருவார். அதில் ஒரு நாளும் ஊத்தை பட்டதில்லை, ஏனென்றால் அவர் வண்டிக்குக் கீழே போவதில்லை. காதில் எப்போதும் ஒரு பென்சில். கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார், கேள்வி கேட்பார். அந்தக் கேள்விகளைவிட நாலு ஏச்சு வாங்கியிருக்கலாம் என்று இருக்கும். "காத்து, கண்ணு, சாவி" என்பது அவருடைய ஒழுங்கு. முதலில் டயரின் காற்றைப் பார். பிறகு கண்ணால் எல்லாவற்றையும் பார். சாவியை, அதாவது ஸ்பானரை, கடைசியில் எடு. சாவியை முதலில் எடுத்தவனை அன்று முழுக்கக் கேள்வி கேட்டே கொன்றுவிடுவார்.

அவருக்கும் ஒரு செயலி இருந்தது. அது ஒரு சீஆர் கொப்பி, தடித்த அட்டை போட்ட கணக்குக் கொப்பி. ஒரு வண்டி வந்தால், வேலை தொடங்குவதற்கு முன்னால் முன் சீட்டில் ஏறி மடியில் கொப்பியை விரித்துக்கொள்வார். என்னைக் கொச்சிக்கடைப் பக்கம் ஓட்டச் சொல்வார். அங்கே துறைமுகக் களஞ்சியங்களுக்குப் பின்னால் கொள்கலன் லொறிகள் உழுதுவைத்த ஒரு வீதி இருந்தது. அந்த வீதியை யாராவது திருத்திவிடுவார்களோ என்று நானா பயந்துகொண்டே இருப்பார். அந்த வீதியின் தொடக்கத்திலிருந்து முடிவு வரை பென்சிலால் 8, 8, 8 என்று எட்டு எட்டாக எழுதிக்கொண்டு வருவார். வேலை முடிந்ததும் அதே வீதி, அதே வேகம், அடுத்த வரியில் மறுபடி எட்டுகள். இரண்டு வரிக்கும் கீழே சொந்தக்காரர் கையெழுத்து வைக்க வேண்டும்.

"ஏன் நானா எட்டு?" என்று ஆரம்பத்தில் ஒருமுறை கேட்டேன்.

"எட்டுக்கு மேலயும் ஒரு வட்டம் ஈக்குது, கீழயும் ஒரு வட்டம் ஈக்குது. வண்டி தூக்கிப் போட்டா எட்டு நீளும். பக்கத்துக்கு ஆட்டினா ரெண்டு வட்டமும் புருசன் பொஞ்சாதி கோவிச்ச மாதிரி விலகும். ஒண்டு எழுதினா ஒண்டும் தெரியாது."

சிரிப்பாக இருந்தாலும் அந்தக் கொப்பி பொய் சொன்னதில்லை. ஒரே ஒரு முறை எங்களை ஏமாற்றியது. அதுவும் கொப்பியின் பிழையல்ல.

யுத்தம் முடிந்து சில வருடங்கள் கழித்து, வன்னியில் கண்ணிவெடி அகற்றும் நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு வண்டி வந்தது. வெள்ளை நிற சிங்கிள் கெப். முன்னால் இரண்டு பேர் இருக்கலாம், பின்னால் நீளமான தட்டு, அதற்கு மேலே ஒரு கூடு. காட்டுக்கும் மேட்டுக்கும் செய்த முரட்டு வண்டி. தவம் என்ற சாரதி ஓட்டிவந்தான். எங்கள் வேலைப் படிவத்தை அந்த நிறுவனத்தின் கொழும்பு அலுவலகத்துப் போக்குவரத்து அதிகாரி நிரப்பி அனுப்பியிருந்தார். குறை: ஓட்டம் மிகவும் கடினம். பாவனை: களப்பணி. சுமை: ஆயிரம் கிலோ.

ஆயிரம் கிலோ என்றால் தண்ணீர்ப் பீப்பாய், மண்வெட்டி, இரும்புப் பெட்டி என்று ஏற்றுவார்கள் போலும் என்று நினைத்தோம். தட்டு வெறுமையாக இருந்தது. தரையில் நான்கு இரும்புக் கொளுக்கிகள் பூட்டியிருந்தன. பெட்டி கட்டுவதற்காக இருக்கும் என்று நான் நினைத்தேன். தவத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. படிவம்தான் எல்லாவற்றையும் சொல்கிறதே!

பின் ஸ்ப்ரிங் என்பது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள்; அதில் கம்பனி கொடுத்தவற்றுக்கு மேலதிகமாக யாரோ இரண்டிரண்டு பட்டைகள் சேர்த்திருந்தார்கள். வண்டி தாழ்கிறது என்று யாராவது சொன்னால் நம்மவர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து இன்னொரு பட்டை சேர்ப்பதுதான். ஆயிரம் கிலோவுக்கு ஒன்று இருக்கட்டும் என்று, ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றை மட்டும் கழற்ற நானா சொன்னார். பழைய ஷொக்கைக் கழற்றித் தடித்த புது ஷொக் பூட்டினோம். காற்றைச் சரிபார்த்தோம். முன் சீட்டில் இருந்து நானா எழுதிய எட்டுகள் அழகாக வந்தன. தவம் கையெழுத்து வைத்துவிட்டு வண்டியைக் கொண்டுபோனான்.

இரண்டு கிழமையில் திரும்பி வந்தான். இந்த முறை பக்கத்தில் ஒரு பெண் இருந்தாள். முப்பது வயது இருக்கும், காக்கிக் காற்சட்டை, சப்பாத்து. பெயர் மேகலா என்றும், அந்த நிறுவனத்தின் மருத்துவ உதவியாளர் என்றும் தவம் சொன்னான். அவள் வணக்கம் சொல்லவில்லை, இருக்கச் சொன்ன கதிரையில் இருக்கவும் இல்லை.

"ஐயா, இந்த வண்டிய நீங்கள் எதில இருந்து ஓடிப் பாத்தனீங்கள்?"

"முன் சீட்டில, மகள். கொப்பி ஈக்குது, பாருங்க."

"என்ர ஆள் முன் சீட்டில வரமாட்டார் ஐயா. பின்னால படுத்திருப்பார். கால் இல்லாமலும் படுத்திருப்பார்."

பிறகுதான் விசயம் வெளியே வந்தது. அது சாமான் ஏற்றும் வண்டியே இல்லை. கண்ணிவெடி தேடுகிறவர்கள் வேலை செய்யும் நேரமெல்லாம் காட்டோரம் தயாராக நிற்கும் வண்டி. யாருக்காவது வெடித்தால், தட்டில் ஸ்ட்ரெச்சரைப் போட்டு, பக்கத்தில் மேகலா குந்தியிருந்து, சரளைக்கல் போட்ட கிறவல் ரோட்டால் இருபது கிலோமீற்றர் ஓடித் தார் ரோட்டைப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முதல் முறை வண்டி எங்களிடம் வந்தபோது ஸ்ட்ரெச்சரைக் கழற்றி, பதில் வண்டியில் பூட்டியிருந்தார்கள். நான் பெட்டிக்கு என்று நினைத்த கொளுக்கிகள் ஸ்ட்ரெச்சரின் கால்களுக்கு.

"மாசம் ஒருக்கா ஒத்திகை செய்யிறனாங்கள்" என்றாள் மேகலா. "ஊசி குத்திறேல்ல. சும்மா சேலைன் குழாயக் கையில பிளாஸ்டர் போட்டு ஒட்டுறது. நீங்கள் திருத்தித் தந்த வண்டியில அது மூண்டு தரம் கழண்டு விழுந்தது. படுத்திருந்த பெடியன் சத்தி எடுத்தவன். உண்மையா ஆரும் காயப்பட்டா, அந்தக் குழாய் கழண்டா, அந்த ஆள் எனக்கு இல்லை. விளங்குதா ஐயா?"

நானாவுக்கு முகம் சிவந்துவிட்டது. தன் கொப்பியைக் குறை சொன்ன முதல் ஆள் அவள். "இதுக்கு மேல சொப்டாச் செய்ய ஏலாது, மகள். முரட்டு வண்டிதானே" என்றார்.

"அப்ப நீங்கள் ஒருக்கா ஏறிப் படுங்கோ."

நான் சிரித்துவிடாமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் நானா படுத்தார். வெள்ளைச் சேர்ட்டோடு ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து, கொப்பியை வயிற்றில் வைத்து, பென்சிலைப் பிடித்துக்கொண்டார். மேகலா பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நான் கொச்சிக்கடைக்கு ஓட்டினேன். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பென்சிலைக் காணவில்லை. கொப்பியில் எட்டே இல்லை, கோழி கிளறியதுபோல் நாலு கீறல் இருந்தது. நானா இறங்கி, தண்ணீர் வாங்கிக் குடித்து, வாயைத் துடைத்தார்.

"குணம்," என்றார் என்னைப் பார்த்து, "இந்த வண்டியில ஒரு மையத்தக் கூட ஏத்த ஏலாது." பிணத்தைத்தான் அப்படிச் சொன்னார்.

போக்குவரத்து அதிகாரிக்கு உடனே போன் எடுத்தார்.

"சேர், அந்த ஆயிரம் கிலோ எங்கால வந்த?"

"மெனுவல்ல இருக்கு நானா."

"மெனுவல்ல ஈக்குறது வண்டிக்கு ஏலுமான பாரம். நான் கேட்டது நீங்க ஏத்துற பாரம்."

"உங்கட போம்லதானே 'சுமை' எண்டு போட்டிருந்தது. நான் சுமையத்தான் எழுதினேன்."

நானா மேசையில் கிடந்த படிவத்தை எடுத்துப் பார்த்தார். படிவம் எங்களுடையதுதான். பட்டைகளைக் குறைக்க வேண்டும் என்று சொன்னதும் அதிகாரி குதித்தார். ஆயிரம் கிலோ வண்டியாக வாங்கியது ஆயிரம் கிலோ வண்டியாகத்தான் இருக்க வேண்டுமாம், பதிவேட்டில் அப்படித்தான் இருக்கிறதாம். மேகலா கையை நீட்டிப் போனை வாங்கினாள்.

"சேர், ஆயிரம் கிலோவில எனக்கொரு காயக்காரர் வந்தா முதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவன்."

கடைசியில் அனுமதி வந்தது, ஒரு கடிதமாக. 'மருத்துவ உதவியாளரின் பொறுப்பில் மாற்றங்களைச் செய்யலாம்.' பொறுப்பு என்ற சொல்லுக்கு எங்கள் அலுவலகங்களில் உள்ள ஒரே அர்த்தம், மேலே இருக்கிறவர் கீழே இருக்கிறவரின் தலையில் கட்டுவது என்பதுதான். மேகலா வாசித்துவிட்டு நின்றபடியே கையெழுத்து வைத்தாள். வேலை முடியும்வரை போகமாட்டேன் என்று கொட்டாஞ்சேனையில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு, தினமும் காலையில் கராஜ் திறக்க முன்னமே வந்து நின்றாள்.

உண்மையான பாரத்தைக் கூட்டிப் பார்த்தோம். கூடு, ஸ்ட்ரெச்சர், ஒட்சிசன் சிலிண்டர், மருந்துப் பெட்டி, படுத்திருப்பவர், பக்கத்தில் மேகலா. முந்நூறு கிலோகூட வரவில்லை. அந்த முந்நூறுக்காகத்தான் ஆயிரத்தைத் தாங்கும் ஸ்ப்ரிங்கும், அதற்குமேல் நாங்களே பூட்டிய தடித்த ஷொக்கும்!  அந்த ஷொக்கைத் தேர்ந்தது நானாதான்.

வேலையைத் தொடங்கினோம். மேலதிகமாகச் சேர்த்திருந்த பட்டைகளைக் கழற்றினோம். பெரும் பாரத்துக்கு என்று அடியில் இருந்த தடித்த பட்டையையும் கழற்றினோம். மிஞ்சியவற்றைப் பிரித்துப் பார்த்தால் பட்டைக்கும் பட்டைக்கும் நடுவே துரு ஏறி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ஒன்றன்மேல் ஒன்று வழுக்கினால்தான் ஸ்ப்ரிங் வளையும், துரு பிடித்தால் எல்லாம் ஒரே இரும்புக் கட்டைதான். கம்பித் தூரிகையால் தேய்த்து, நுனிகளுக்கு நடுவே வழுக்கும் மெல்லிய தகடு வைத்துப் பூட்டினோம். மருதானையில் கடை கடையாக ஏறி இறங்கி, பாரம் குறைந்த வண்டிக்கு ஏற்ற மிருதுவான ஷொக் வாங்கி வந்தேன். காற்றைக் குறைத்தோம். ஸ்ட்ரெச்சரின் கொளுக்கிகளையும் கழற்றி, முடிந்தமட்டும் முன்னுக்கு நகர்த்தினோம். பின் அச்சுக்கு நேர் மேலே படுத்திருப்பவனுக்குத்தான் அடி முழுதும்.

நானா மறுபடி படுத்தார், மறுபடி கொச்சிக்கடை. முன்னையதைவிட நல்லம்தான். ஆனாலும் சின்னச் சின்னக் குழிகளில் ஏதோ வெட்டி இழுத்தது. எட்டுகளின் மேல் வட்டம் கூராக வந்தது. "நாடி பிடிக்கிறன், எண்ண ஏலாமல் கிடக்கு" என்றாள் மேகலா. அவளுடைய கணக்கு அதுதான். ஓடும் வண்டியில் நாடியை எண்ண முடிய வேண்டும்.

அன்று முழுக்கத் தேடினோம். அடுத்த நாள் காலையும் தேடினோம். ஷொக்கைக் குற்றம் சொன்னேன். பட்டையைக் குற்றம் சொன்னேன். வண்டி செய்த கம்பனியையும், மெனுவல் படித்த அதிகாரியையும், தலைமாட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற மேகலாவையும் மனத்துக்குள் ஏசித் தீர்த்தேன். மத்தியானம்போல நானா காதுப் பென்சிலை எடுத்து, ஸ்ப்ரிங்கின் நுனியில் இருக்கும் போல்ட்டைத் தொட்டுக் காட்டினார்.

"குணம், இத முறுக்கினது யாரு?"

"நான்தான் நானா."

"முறுக்கக்குள்ள பாரம் எங்க இருந்திச்சி?"

அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. ஸ்ப்ரிங்கின் கண்ணுக்குள் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். வண்டி தரையில் தன் பாரத்தோடு நிற்கும்போது போல்ட்டை இறுக்கினால் அந்த ரப்பர் ஓய்வாக இருக்கும். வண்டியை ஜக்கில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போது இறுக்கினால், கீழே இறக்கிய கணத்திலிருந்து ரப்பர் முறுகிக்கொண்டே நிற்கும். ஸ்ப்ரிங் வளையப் பார்க்கும் நேரமெல்லாம் அது எதிர்த்துத் தள்ளும். வேலை பழகிய இரண்டாம் வருடமே எனக்குச் சொல்லித் தந்த பாடம் இது. லொறியிலும் பாரமான கெப்பிலும் இந்தப் பிழை பெரிதாகத் தெரிவதில்லை என்பதால், வருடக்கணக்காகத் தூக்கிய நிலையிலேயே இறுக்கிப் பழகிவிட்டேன். மிருதுவாக்கிய ஸ்ப்ரிங்கில் அது காட்டிக் கொடுத்துவிட்டது.

"என் பிழைதான் நானா," என்றேன்.  இருபது வருடத் தொழிலாளி செய்கிற பிழையா அது? நானா ஏசவில்லை. ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வண்டியைத் தரையில் இறக்கினோம். போல்ட் எல்லாவற்றையும் தளர்த்தினேன். நானா ஸ்ட்ரெச்சரில் ஏறிப் படுத்தார். மேகலா தன் இடத்தில் குந்தினாள். சிலிண்டரும் பெட்டியும் ஏறின. பின்பக்கத்தைப் பிடித்து நாலு தரம் குலுக்கிவிட்டுக் கீழே புகுந்து முறுக்கத் தொடங்கினேன். தட்டுக்கு மேலிருந்து நானாவின் குரல் வந்தது.

"நல்லா முறுக்கு! நான் இன்னும் மௌத்தாகல்ல, உசிரோடதான் ஈக்கிறன்!"

மூன்றாம் முறை கொச்சிக்கடைக்குப் போனோம்.  களஞ்சியங்களைத் தாண்டி வண்டியை நிறுத்தி, பின்னால் ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். கொப்பியில் வரிசையாக எட்டுகள். அழகு என்று சொல்லமாட்டேன், ஆனால் ஒவ்வொன்றும் எட்டு. மேகலா நானாவின் மணிக்கட்டைப் பிடித்தபடியே இருந்தாள். பிறகு அவருடைய பென்சிலை வாங்கி, எட்டுகளுக்குப் பக்கத்தில் 88 என்று எழுதினாள்.

"எண்பத்தெட்டு ஐயா. எண்ணக்கூடியதாக் கிடக்கு. நீங்கள் உங்கட பிரஷரையும் ஒருக்காப் பாருங்கோ."

அவள் வாயிலிருந்து எங்களுக்குக் கிடைத்த பாராட்டு அவ்வளவுதான். நானா விடவில்லை. "மகள், இது கொழும்பு ரோட்டு. உங்கட ரோட்டில போகக்குள்ள ஒரு தாள்ல எதையாச்சும் எழுதி எனக்கு அனுப்புங்க" என்றார். அவள் சரி என்றாளா இல்லையா என்றுகூட எனக்கு நினைவில்லை. அடுத்த கிழமை நானா வேலைப் படிவத்தைப் புதிதாக அச்சடித்தார். 'சுமை' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'வண்டியில் போகிறவர் யார்? எங்கே, எப்படி?' என்று போட்டார். அதற்கும் ஆட்கள் 'மனிதர்' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். என்னத்தைச் சொல்ல!

சில மாதங்கள் கழித்துத் தவம் வண்டியைச் சேர்விசுக்குக் கொண்டுவந்தான். கூடவே ஒரு கடித உறை. "மேகலா அக்கா தந்தவ, நீங்கள் கேட்டதாம்" என்றான். உள்ளே ஒரு படிவத்தின் பிரதி இருந்தது. காயக்காரரின் பெயர் இருந்த இடத்தைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரி. நேரம், நாடி, பிரஷர். ஓடும் வண்டியில் எழுதியது. ஒத்திகை அல்ல.

நானா அதைக் கொப்பிக்குப் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். 128. 118. 80. முதல் ஏழு வரிகளும் கிறவல் ரோட்டில் எழுதியவை என்று நேரத்தைப் பார்த்துத் தவம் சொன்னான். எட்டு எல்லாம் எட்டு. குண்டு குண்டாக, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியதுபோல. கடைசி நான்கு வரிகள் தார் ரோட்டில். அங்கே எட்டுகள் சிதறிக் கிடந்தன. ஒன்றின் இரண்டு வட்டமும் தொடவே இல்லை.

"கிறவல்ல நல்லம். தார்ல ஆடுது" என்றார் நானா. "அப்ப வேகத்தில தான் கோளாறு. வீலைக் கழட்டு."

கழற்றினேன். நான்கு சக்கரத்துக்கும் பலன்ஸ் பார்த்தோம், சரி. முன்னால் இருப்பதைப் பின்னுக்கு மாற்றினோம். டிரைவ் ஷாஃப்டைக் கழற்றி உருட்டிப் பார்த்தோம், சரி. பெயரிங், ஸ்டியரிங், ரிம், எல்லாம் சரி. புதுப் பாலத்தடித் தார் ரோட்டுக்குக் கொண்டுபோய் வேகமாக ஓடிப் பார்த்தோம். தட்டில் படுத்திருந்து நானா எழுதிய எட்டு, அச்சில் வார்த்ததுபோல இருந்தது. "எனக்கு ஒண்டும் ஆடேல்லை அண்ணை, நான்தானே ஓட்டினனான்" என்று தவம் தலையில் அடித்துக்கொண்டான். இரண்டு நாள் போய்விட்டது. எனக்கு வந்த விசர் கொஞ்சமல்ல. கண்ணுக்கு முன்னால் கொப்பி கோளாறு என்கிறது, கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம், கடைசியாகக் கழற்றிய சக்கரம் தரையில் கிடக்க, மேகலாவுக்குப் போன் எடுத்து, நானாவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"தங்கச்சி, தார் ரோட்டில வண்டி எந்தப் பக்கம் ஆடினது? முன்னுக்கா, பின்னுக்கா?"

"ஆடேல்லையே அண்ணை."

"எழுத்து ஆடியிருக்கே! ரெண்டு நாளா வண்டியப் பிரிச்சுப் போட்டுத் தேடுறம்."



"அது வண்டி இல்லை அண்ணை. என்ர கை."

நானா கதிரையிலிருந்து முன்னுக்குச் சாய்ந்தார்.

"கிறவல் ரோட்டில எனக்கு வேற நினைப்பு இல்லை. குழாயப் பாக்கிறது, நாடி பிடிக்கிறது, எழுதுறது. குழாய் அசையேல்லை. தார் ரோட்டில ஏறினாப்போலதான், எங்களோட வேலை செய்யிற அந்தக் காயப்பட்ட அக்கா கண்ணைத் துறந்தவ. 'மேகலா, பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்திருக்குங்கள், பக்கத்து வீட்டுக்கு ஒருக்காச் சொல்லிவிடு' எண்டவ. தப்பியிட்டா எண்டு அப்பதான் எனக்கு விளங்கினது. அதுக்குப் பிறகு என்ர கை நிண்டபாடில்லை."

"இப்ப எப்படி இருக்கிறா?" என்று கேட்டேன்.

"ஒரு கால் முழங்காலுக்குக் கீழ இல்லை. ஆள் இருக்கிறா. நேற்றும் சாப்பாட்டுப் பெட்டிய மாத்திக் கொண்டுவந்திட்டன் எண்டு என்னோட சண்டை பிடிச்சவ."

நானா போனுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோனார். கோபமாகப் பேச நினைத்தார் என்று தெரிந்தது. குரல்தான் அப்படி வரவில்லை.

"மகள், இத அந்தத் தாள்ல ஒரு வரி எழுதியிருந்தா எங்களுக்கு ரெண்டு நாள் மிச்சம் தானே."

"அதுக்குப் படிவத்தில கட்டம் இல்லையே ஐயா" என்றாள்.

போன் நின்றது.   நானா மேசை லாச்சியைத் திறந்து பசைப் போத்தலை எடுத்தார். மேகலாவின் தாளைச் சீஆர் கொப்பியில் ஒட்டி, வழமைபோல அதற்குக் கீழே வண்டி இலக்கத்தை எழுதினார். அந்த இலக்கத்தில் ஒரு எட்டு உண்டு. கராஜில் எந்த வண்டியும் ஓடவில்லை, மேசையும் அசையவில்லை. எட்டு கோணலாகத்தான் விழுந்தது. நான் காணாததுபோல வீலைப் பூட்டப் போனேன்.